தாடை எலும்பில் வளரும் அமெலோபிளாஸ்டோமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“புற்றுநோய் இல்லை என்கிறீர்கள். பிறகு எதற்குத் தாடையை வெட்ட வேண்டும்?” பெங்களூரில் தாடைக் கட்டியோடு வரும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தலைமுறைகளாக இருப்பவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயில் பிடிப்பவர்கள், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பஸ் ஏறுபவர்கள் என்று பலரும் வருகிறார்கள். கையில் இருக்கும் அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வாய்மொழி விளக்கம் பாதி கன்னடத்தில் கிடைத்திருக்கும். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்.

ஒரு பல் மருத்துவராக நான் அடிக்கடி பதில் சொல்லும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் எழுதுவதால், உங்களுக்கான முடிவை உங்கள் அறுவை மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவற்றை இதிலிருந்து குறித்துக்கொண்டு போகலாம்.

இது புற்றுநோயா, இல்லையா?

இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்மீது எனக்குக் கோபம் உண்டு. அமெலோபிளாஸ்டோமா உடலின் வேறு பாகங்களுக்குத் தாவுவது மிக அரிது என்பது உண்மை. இருக்கும் இடத்தில் எலும்பை அரித்துக்கொண்டே போகும், தானாக நிற்காது, தானாகக் கரையாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1937இல் ராபின்சன் என்பவர் இதை வரையறுத்தபோது, விட்டு விட்டு வளர்வது, திசு அமைப்பில் தீங்கற்றது, நோயாளியிடம் விடாப்பிடியாக நிலைப்பது என்று குறித்தார். அதைவிடச் சுருக்கமாக இன்றும் யாரும் சொல்லிவிடவில்லை.

நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரிந்த கட்டி நுரையீரலுக்குப் போன நோயாளிகள் உலக மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் விட்டுவைத்த, மீண்டும் மீண்டும் அரைகுறையாக அறுக்கப்பட்ட கட்டிகளில்தான் இது அதிகம் பேசப்படுகிறது. அமெலோபிளாஸ்டிக் கார்சினோமா என்ற புற்று வகையும் தனியாக உண்டு. இரண்டும் அரிதிலும் அரிது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாடைக்குள் இப்படி ஒரு கட்டி எங்கிருந்து முளைக்கிறது?

பல் உருவான காலத்து மிச்சங்களிலிருந்து. குழந்தை கருவில் இருக்கும்போதே தாடைக்குள் பல்லை உருவாக்கும் செல் வரிசைகள் தோன்றுகின்றன. பல்லின் மேலுள்ள எனாமல் பூச்சை உருவாக்குவதும் இந்த வம்சத்துச் செல்கள்தான். வேலை முடிந்ததும் இவை பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாமல் எலும்புக்குள்ளும் ஈறுக்கு அடியிலும் தங்கிவிட்ட சில செல்கள், ஏதோ ஒரு கட்டத்தில் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. ஞானப்பல்லைச் சூழ்ந்த நீர்க்கட்டியின் சுவரிலிருந்தும் வரலாம்.

நோய் புதியதல்ல. 1827இலேயே இப்படி ஒரு கட்டி விவரிக்கப்பட்டிருக்கிறது. 1885இல் மலாசே என்ற பிரெஞ்சு மருத்துவ ஆய்வாளர் வேறு பெயரிட்டார். இன்று வழங்கும் பெயர் 1930இல் வந்தது.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு என்பது உலக அளவிலான கணக்கு. அதன்படி பார்த்தால் ஒரு கோடியைத் தாண்டிய பெங்களூரில் ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான் புதிதாக வர வேண்டும். ஆகவே உங்கள் தெருப் பல் மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார். முதலில் அவர் இதைச் சந்தேகிக்கவில்லை என்றால் அதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை.

முப்பது, நாற்பது வயதுகளில் அதிகம்; பதின்வயதிலும் வரும், எழுபதிலும் வரும். ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில், அதுவும் கடைவாய்ப்பல்லுக்குப் பின்புறம், தாடை காதை நோக்கித் திரும்பும் இடத்தில் வருகின்றன.

வெற்றிலைபாக்கு, புகையிலை போட்டதால் வந்ததா? பரம்பரையா? ஒட்டுமா?

மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். புகையிலை வாய்ப்புற்றை உண்டாக்கும். இந்தக் கட்டிக்கும் அதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை. (அதற்காகப் புகையிலையைத் தொடரலாம் என்று பொருளல்ல. அறுவைக்குப் பின் புண் ஆறுவதை அது கெடுக்கும்.) பல் பிடுங்கியதால் வந்தது என்று நம்புபவர்கள் நிறைய. பெரும்பாலும் வரிசை தலைகீழ்: கட்டி உள்ளே இருந்ததால்தான் பல் ஆடியது, ஆடியதால் பிடுங்கினார்கள், பிடுங்கிய குழி ஆறாததால் கட்டி வெளியே தெரிந்தது.

வலியே இல்லையே, இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வலி இல்லாததுதான் இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. சிவாஜிநகரில் தையல் வேலை செய்யும் ஒருவர், நூலைக் கோரைப்பல்லுக்கும் அதன் பின்னால் உள்ள பல்லுக்கும் நடுவில் வைத்துக் கடித்து அறுப்பவர். ஒருநாள் நூல் அறுபடாமல் நழுவியது. பற்களுக்கு இடையில் முன்பு இல்லாத சந்து விழுந்திருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. அவர் நூலை வாயின் மறுபக்கத்துப் பல்லுக்கு மாற்றிக்கொண்டார். கன்னம் உப்பித் தெரியும்வரை வேறு எதையும் அவர் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் இருக்கவில்லை என்பதே சரி.

இப்படித்தான் வரும்: நன்றாக இருந்த பல் வரிசை மெல்ல விலகுவது, சொத்தை இல்லாத பல் ஆடுவது, பல் செட்டு திடீரென்று பொருந்தாமல் போவது, தாடையின் வெளிப்பக்கமும் நாக்குப் பக்கமும் ஒருசேரத் தடித்துப்போவது. விரலால் தடவினால் கெட்டியாக இருக்கும். நாட்பட்டு எலும்பு மெலிந்துவிட்டால் சில இடங்களில் அமுங்கும். கீழுதடு மரத்துப்போவது இதில் வழக்கமில்லை; அப்படி மரத்தாலோ, சில வாரங்களுக்குள் வேகமாகப் பெருத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ வேறு நோய்களை உடனே நினைக்க வேண்டும். காத்திருக்க வேண்டாம்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் ‘ரெண்டு மாதம்’ என்பார்கள். நான் ஆதார் அட்டையைக் காட்டச் சொல்வேன். பிறகு கைப்பேசியில் இருக்கும் பழைய கல்யாண வீட்டுப் படங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலேயே ஒரு பக்கத் தாடைக் கோடு மற்றதைவிட நிறைந்திருப்பதைக் குடும்பமே குனிந்து பார்க்கும். இது ஆளைக் குற்றம் சாட்டுவதற்கு அல்ல. வளர்ச்சி வேகம் தெரிந்தால் மருத்துவருக்கு உதவும்.

ஓ.பி.ஜி. எடுத்துவரச் சொல்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

இரண்டு தாடைகளையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்ரே அது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, சிறு குச்சியை முன்பற்களால் கடித்து நிற்க வேண்டும். கருவி தலையைச் சுற்றி வரும். அரை நிமிடம்கூட ஆகாது. பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை எடுக்கிறார்கள், செலவு சில நூறு ரூபாய். பல் பிடுங்கிய குழி ஆறவில்லை, அல்லது காரணமில்லாமல் பல் ஆடுகிறது என்றால் மூன்றாவது முறை ஆன்டிபயாட்டிக் வாங்கும் காசில் இதை எடுத்துவிடலாம்.

படத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அறைகள் தெரியும். பல அறைகளாக இருந்தால் சோப்பு நுரை, தேன்கூடு என்று அறிக்கையில் எழுதுவார்கள். பக்கத்துப் பற்களின் வேர் நுனிகள் கத்தியால் சீவியதுபோல் கரைந்திருக்கலாம். ஒரே அறையாக, முளைக்காத ஞானப்பல்லைச் சூழ்ந்திருந்தால் சாதாரண நீர்க்கட்டியிலிருந்து பிரித்தறிய எக்ஸ்ரேயால் மட்டும் முடியாது. கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு வகைத் தாடைக் கட்டி போன்ற வேறு சிலவும் இதேபோல் தெரியும். எனவே படத்தைப் பார்த்து “இதுதான்” என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கட்டியின் எல்லையை அளக்க சி.டி. தேவைப்படும், மேல்தாடை என்றால் எம்.ஆர்.ஐ.யும் கேட்கக்கூடும்.

பயாப்சி எடுத்தால் கட்டி கிளறப்பட்டுப் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, வாய்க்கு உள்ளேயே ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். முகத்தில் தழும்பு வராது. அது இல்லாமல் பெரிய அறுவைக்கு நாள் குறிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது. ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை துணைக்கு உதவும். அதை மட்டும் நம்பித் தாடையில் கை வைக்கக் கூடாது.

ஒரு சங்கடம் உண்டு. ஒரு மூலையிலிருந்து எடுத்த துண்டு மற்ற மூலையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லாது. நீர்க்கட்டி என்று நினைத்து முழுவதும் எடுத்த பிறகு, சுவருக்குள் அமெலோபிளாஸ்டோமா இருந்ததாக அறிக்கை வருவது நடக்கும். அதனால் வாயிலிருந்து எடுத்த எந்தத் திசுவையும், ‘சும்மா நீர்க்கட்டி’ என்று சொன்னாலும், சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையைக் கையில் வாங்காமல் கணக்கை முடிக்காதீர்கள்.

அறிக்கையில் ஃபாலிக்குலர், பிளெக்ஸிஃபார்ம், யூனிசிஸ்டிக், மியூரல் என்றெல்லாம் இருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்படுவது?

முதல் இரண்டும் நுண்ணோக்கியில் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம். சிகிச்சையை அவை பெரிதாக மாற்றுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழக்கமான வகையா, யூனிசிஸ்டிக் என்ற ஒற்றை அறை வகையா?

ஒற்றை அறை வகையை 1977இல் தனியாகப் பிரித்து விவரித்தார்கள். இளவயதினருக்கு அதிகம் வரும். போக்கும் பொதுவாகச் சாது. அதிலும், கட்டிச் செல்கள் அறையின் உட்புறப் பூச்சாக மட்டும் இருக்கிறதா, சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்குள் போயிருந்தால் அதுதான் மியூரல். அதைப் பல அறுவை மருத்துவர்கள் வழக்கமான வகையாகவே பாவித்துச் சிகிச்சை தருகிறார்கள். ஈறில் மட்டும் வரும் வெளிப்புற வகை ஒன்றும் உண்டு. அது எலும்புக்குள் போவதில்லை, எளிதில் தீரும்.

கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டால் போதாதா?

எல்லோரும் விரும்புவது இதைத்தான். ஒரு மணி நேர வேலை, இரண்டு நாளில் வீடு, முகம் மாறாது. சொல்லும் மருத்துவருக்கும் எளிது, கேட்கும் குடும்பத்துக்கும் ஆறுதல். ஆனால் வழக்கமான வகைக்கு இது பெரும்பாலும் கடனைத் தள்ளிப்போடுவதுதான்.

காரணம் எலும்பின் அமைப்பில் இருக்கிறது. தாடையின் வெளி ஓடு கெட்டி, உள்ளே சல்லடை எலும்பு. கட்டி சல்லடையின் துளைகளுக்குள் விரல் விட்டுப் பரவுகிறது. அருகம்புல்லை மேலே அரிந்துவிட்டு வரப்பு சுத்தமாகிவிட்டது என்று வீட்டுக்கு வருவதற்கும் கட்டியைச் சுரண்டுவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை கட்டிச் செல்கள் எலும்புக்குள் போயிருப்பதை வெட்டியெடுத்த தாடைகளைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் தெரியும் எல்லையிலிருந்து இன்னும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

எண்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆனாலும் பொதுவாகச் சொல்லப்படுவது இது: வழக்கமான வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் 60 முதல் 80 சதவீதம் வரை திரும்பி வருகிறது, விளிம்போடு வெட்டியெடுத்தால் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. திரும்பி வரும்போது அது முதலில் இருந்த இடத்தோடு நிற்பதில்லை. எலும்பின் ஓட்டைத் துளைத்துத் தசைக்கு வந்திருக்கும். முதல் முறை ஐந்து சென்டிமீட்டரில் முடிந்திருக்க வேண்டியது, இரண்டாம் முறை பாதித் தாடையாகும். முதல் அறுவைதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அதை அரைகுறையாகச் செலவழிக்க வேண்டாம் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது.

இதற்கு விதிவிலக்கு இருக்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கு ஒற்றை அறை வகை, சுவருக்குள் போகவில்லை என்றால், முழுக் கட்டியையும் உறையோடு எடுத்து, எலும்புக் குழியைக் கார்னாய் கரைசல் என்ற மருந்தால் சுட்டுச் சுத்தம் செய்து, கண்காணிப்பது நியாயமான வழி. சிலருக்கு முதலில் ஒரு வாசல் வைத்து, உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைத்துச் சில மாதங்கள் கட்டியைச் சுருங்கவிட்டு, பிறகு எடுப்பார்கள். வளரும் முகம் என்பதால் இந்தப் பொறுமைக்குப் பொருள் உண்டு. வழக்கமான வகையிலும், தாடையின் கீழ் விளிம்பில் ஒரு சென்டிமீட்டராவது நல்ல எலும்பு மிஞ்சுமானால் தாடையைத் துண்டிக்காமல் மேற்பகுதியை மட்டும் செதுக்கி எடுக்க முடியும். இதை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். சி.டி. படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேல்தாடையில் வந்தால்?

குறைவானவர்களுக்கு வருகிறது, ஆனால் அதிகம் கவலைப்பட வேண்டியது அதுதான். மேல்தாடை எலும்பு மெல்லியது, கெட்டி ஓடு இல்லாதது. அதற்கு மேலே சைனஸ், மூக்கு, கண்குழி, மண்டையோட்டின் அடித்தளம். கட்டி சைனஸுக்குள் போனால் வெளியே தெரியாமலே பெரிதாக இடம் இருக்கிறது. ஒரு பக்க மூக்கடைப்பு மாதக்கணக்கில் தீராமல், அதே பக்கத்து மேற்பற்களும் ஆடினால் சைனஸ் மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்.

தாடையை வெட்டினால் முகம் என்ன ஆகும்? காலிலிருந்து எலும்பு எடுப்பது உண்மையா?

உண்மை. கேட்டவுடன் அதிர்ச்சியாக இருக்கும். முட்டிக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உடல் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் முன்னால் இருக்கும் பெரிய எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்கலாம். முட்டிக்கு அருகிலும் கணுக்காலுக்கு அருகிலும் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள்; கணுக்கால் மூட்டு நிலைகுலையாமல் இருக்க அது வேண்டும். இந்த எலும்பைக் கொண்டு கீழ்த்தாடையைக் கட்டும் முறையை 1989இல் ஹிடால்கோ என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். அதன் பிறகு உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

எலும்பை மட்டும் எடுத்துவந்து பொருத்துவதில்லை. அதற்கு ரத்தம் தரும் நாளத்தோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப இரண்டு மூன்று துண்டாக மடக்கி, டைட்டானியம் தகட்டில் திருகி, கழுத்தில் ஓடும் ரத்தக் குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். வெளியே காத்திருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தாமதம் என்றால் ஏதோ தவறு என்று பொருளில்லை. அறுவைக்கு முன் காலின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். பின்னர் முதல் இரண்டு மூன்று நாட்கள் மணிக்கு மணி வந்து, ஒட்டிய திசுவின் நிறத்தையும் ரத்த ஓட்டத்தையும் சோதிப்பார்கள். நள்ளிரவில் விளக்கைப் போட்டு வாயைத் திறக்கச் சொல்லும் நர்ஸிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் உறைந்துவிட்டால் உடனே திறந்து சரி செய்தால்தான் எலும்பு பிழைக்கும். பழகிய கைகளில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துவிடுகிறது.

இடைவெளி சிறியதாக, ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் இருந்தால் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்து வைப்பதும் உண்டு. தகடு மட்டும் போட்டு அனுப்புவதும் உண்டு. உடல்நிலை நீண்ட மயக்கத்தைத் தாங்காத வயதானவர்களுக்கு அது சரி. இளவயதினருக்கு அதையே நிரந்தரமாக விட்டால் ஆண்டுகள் போகப் போகத் தகடு உடையவோ தோலைக் கிழித்து வெளியே வரவோ வாய்ப்புண்டு.

இழப்பையும் சொல்லிவிட வேண்டும். தாடையின் உள்ளே ஓடும் நரம்பு கட்டியோடு போய்விடும் என்பதால், அந்தப் பக்கக் கீழுதடும் முகவாயும் பெரும்பாலும் நிரந்தரமாக மரத்துப்போகும். காபி சூடு தெரியாது. ஓரத்தில் வழிவது தெரியாது. காலில் நீளத் தழும்பு இருக்கும்; சிலருக்குக் கட்டைவிரலை மடக்குவதில் பலம் குறையும், கணுக்கால் கொஞ்ச காலம் விறைப்பாக இருக்கும். கழுத்து மடிப்பில் ஒரு கோடு இருக்கும். கண்ணாடியில் பார்க்கும் முதல் வாரம் வீக்கம் மிக அதிகம். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எப்போது சாப்பிடலாம்? பல் எப்போது கட்டலாம்?

முதலில் சில நாட்கள் மூக்கு வழிக் குழாயில் நீர் உணவு. சிலருக்கு மூச்சுக்காகத் தொண்டையில் தற்காலிகத் துளை இடுவார்கள்; வீக்கம் வடிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள். பிறகு கஞ்சி, ராகிக் கூழ், வடிகட்டிய பருப்பு, மோர், அடித்த முட்டை. சில வாரங்களில் குழைந்த சாதம், இட்லி. உறவினர் கொண்டுவரும் முறுக்குப் பொட்டலத்தை வேறு யாராவது சாப்பிடட்டும். உடல் எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தக் காலத்தின் முக்கிய வேலை. புரதம் போதாவிட்டால் புண் ஆறாது.

புதிய எலும்பு ஒட்டிய பிறகு, வழக்கமாகச் சில மாதங்கள் கழித்து, அதிலேயே பல் இம்பிளான்ட் பதிக்கலாம். செலவு தனி. காப்பீடு பெரும்பாலும் இந்தப் படியில் கைவிரிக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வையுங்கள். கழற்றி மாட்டும் பல் செட்டு மலிவு; ஆனால் மடக்கிக் கட்டிய தாடையில் பிடிமானம் குறைவு.

மாத்திரையில் கரையாதா? கரண்ட் வைத்தால் போகாதா?

கதிர்வீச்சை ‘கரண்ட்’ என்றுதான் நம் மக்கள் சொல்கிறார்கள். இந்தக் கட்டி அதற்கு எளிதில் மசிவதில்லை. தாடை எலும்பு கதிர்வீச்சால் செத்துப்போகும் அபாயம் வேறு. அறுவை செய்யவே முடியாத நிலையில் மட்டும் யோசிப்பார்கள்.

மாத்திரை விஷயத்தில் உண்மையான புதுச் செய்தி ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருப்பது 2014இல் வெளியானது. மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அதே மாற்றத்தைக் குறிவைக்கும் டப்ராஃபெனிப், வெமுராஃபெனிப் போன்ற மருந்துகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைக் கொடுத்தபோது சில அமெலோபிளாஸ்டோமா நோயாளிகளின் கட்டி நன்றாகச் சுருங்கியது. கட்டியை முதலில் சுருக்கி, குறைவாக வெட்டித் தாடையைக் காப்பாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் மருந்து விலை அதிகம், பக்கவிளைவுகள் உண்டு, நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இன்னும் தீராத கேள்வி. இன்றைக்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல. மீண்டும் மீண்டும் வந்த கட்டி, நுரையீரலுக்குப் பரவிய கட்டி என்றால் இந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

கட்டியைக் கரைக்கும் லேகியம், எண்ணெய், பற்று என்று விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்டி விட்டு விட்டு வளர்வதால், வளராமல் நின்ற மாதங்களின் புகழ் அவர்களுக்குப் போய்விடுகிறது.

பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிந்த பிறகு அறுவை செய்யலாமா?

ஓரிரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது. ஓராண்டு தள்ளினால் கட்டியின் எல்லை மாறும், வெட்ட வேண்டிய நீளமும் மாறும். இந்தக் கட்டி குழந்தைப்பேற்றைப் பாதிக்காது, பிள்ளைகளுக்குப் போகாது. மாப்பிள்ளை வீட்டுக்கு மறைத்து நடத்தும் கல்யாணத்தில் என்ன வசதி இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

பெங்களூரில் எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தை ஒட்டி அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கலாசிபாளையம் பஸ் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். மெட்ரோவில் வந்தால் கிருஷ்ண ராஜேந்திர மார்க்கெட் நிலையம். ‘வாய், தாடை, முக அறுவைப் பிரிவு’ என்று கேட்டுப் போங்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பிரிவு உண்டு. ஆனால் காலெலும்பு மாற்று செய்ய நுண் ரத்தக்குழாய் தைக்கத் தெரிந்த குழுவும், தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும், எங்கே சேர்ந்தாலும் “இந்த அறுவையை இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஓசூர் சாலையில் இருக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினால் பதற வேண்டாம். தலை, கழுத்து அறுவையில் பழக்கமுள்ளவர்கள் அங்கே இருப்பதால் அனுப்புகிறார்கள். அதை வைத்து நோயின் பெயர் மாறிவிடாது.

கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான ரேஷன் அட்டை இருந்தால், 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. மற்ற அட்டைக்காரர்களுக்குத் தொகுப்புக் கட்டணத்தில் 30 சதவீதத்தைத் திட்டம் ஏற்கும். முதலில் அரசு மருத்துவமனையில் பதிவு செய்து, அங்கே முடியாவிட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்கித்தான் தனியாருக்குப் போக வேண்டும். நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு அட்டையை நீட்டினால் சிக்கல். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேர்வதற்கு முன் திட்ட உதவியாளர் மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கவயல், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வேலூரும் எட்டும் தூரம்தான்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்குள் நடப்பது எல்லாம் ‘பல் சிகிச்சை’ என்று தள்ளுபடி செய்யப் பார்ப்பார்கள். தாடை எலும்புக் கட்டி, உள்நோயாளியாக அறுவை என்று நோயின் பெயரோடு மருத்துவர் தெளிவாக எழுதித்தர வேண்டும்.

ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சி மருத்துவர்களிலும் நர்ஸ்களிலும் தமிழ் பேசுபவர் ஒருவராவது எந்த வார்டிலும் கிடைப்பார். கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு எலும்பு எடுக்கப்படும், எந்தப் பற்கள் போகும், எந்தக் காலிலிருந்து எடுப்பார்கள், உதடு மரக்குமா, எலும்பு ஒட்டாவிட்டால் அடுத்து என்ன? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு பேனாவை எடுத்தால் போதும். நோயாளியிடம் மறைத்துவிட்டு அண்ணனிடம் மட்டும் சொல்லச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. தாடை அவருடையது.

அறுவைக்குப் பிறகு திரும்பி வருமா? எத்தனை காலம் பார்க்க வேண்டும்?

திரும்பி வருபவற்றில் பாதிக்கு மேல் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வருகின்றன. பத்து ஆண்டுகள் கழித்து வந்தவையும் இருக்கின்றன. எனவே முதல் ஐந்து ஆண்டுகள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆயுள் முழுவதும் பரிசோதனை. ஐந்தாண்டு தாண்டியதும் ‘விடுதலை’ என்று நினைத்து நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வெட்டியெடுத்த தாடையின் அறிக்கை பயாப்சி அறிக்கையைவிடத் தாமதமாக வரும். எலும்பை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே சீவிப் பார்க்க முடியும். சில வாரங்கள் ஆகும். அதில் விளிம்புகளில் கட்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அறிக்கை, அறுவைக்கு முந்தைய ஓ.பி.ஜி., அறுவை முடிந்து முதலில் எடுத்த ஓ.பி.ஜி., சி.டி. குறுந்தகடு, டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அறிக்கைகளை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் போட்டு வையுங்கள். திசு ஒட்டிய கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டிகளும் சோதனைக்கூடத்திலேயே இருக்கும். ஊர் மாறும்போதோ இன்னொரு மருத்துவரின் கருத்து கேட்கும்போதோ கடிதம் கொடுத்துக் கேட்டால் தருவார்கள்.